காலியம் ஆக்சைடில் வெப்பம் எந்தப் பக்கம் ஓடும்?

சிலிக்கன் படிகத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் வெப்பம் அதில் ஒரே அளவில்தான் கடக்கும். உயர் மின்னழுத்தக் கருவிகளுக்கான குறைக்கடத்தியான பீட்டா காலியம் ஆக்சைடு அப்படியில்லை. படிகத்தின் மூன்று அடிப்படைத் திசைகளை ஏ, பி, சி அச்சுகள் என்பார்கள். அறை வெப்பநிலையில் இந்தப் படிகத்தின் பி அச்சுத் திசையில் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 27 வாட். ஏ அச்சுத் திசையிலோ சுமார் 11 வாட்தான். படிகமும் அதே, அணுக்களும் அவையே. திசை மாறினால் இரண்டரை மடங்கு வித்தியாசம்!

உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலெக்ட்ரான்கள். இங்கே அணுக்களின் கூட்டு அதிர்வுகளே சுமக்கின்றன. இவற்றை ஃபோனான்கள் என்கிறார்கள். படிகத்தின் அலகுக் கூடு, அதாவது திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய அணுப் பெட்டி, ஏ திசையில் சுமார் 12.2 ஆங்ஸ்ட்ராம் நீளம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பி திசையில் 3.04 மட்டுமே. பி திசையில் காலியமும் ஆக்சிஜனும் இறுக்கமான சங்கிலிகளாகத் தொடர்வதால் அதிர்வலை வேகமாக ஓடுகிறது. ஏ திசையில் பிணைப்பு அவ்வளவு உறுதியில்லை. படிகம் எளிதில் பிளவுபடுவதும் ஏறக்குறைய அதற்குக் குறுக்கான தளத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. இந்தப் படிகக் கூட்டின் ஏ, சி அச்சுகள் செங்குத்தாக இல்லாமல் சுமார் 104 பாகையில் சாய்ந்திருக்கின்றன. அதனால் அந்தத் தளத்தில் வெப்பம், வெப்பநிலை மிக வேகமாகக் குறையும் திசையிலேயே ஓடுவதில்லை. பொதுவாகச் சற்று விலகியே ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் ஒற்றை எண்ணாக நாம் படித்த கடத்துதிறன் இங்கே போதாது. திசைவாரியாகப் பல எண்கள் வேண்டும்.

இதை அளக்க, படிகத்தின் மேல் மெல்லிய அலுமினியப் படலம் பூசி, அதை லேசர் துடிப்பால் சூடாக்குவார்கள். படலத்தின் பிரதிபலிப்பு வெப்பநிலையோடு மாறும் என்பதால், பின்தொடரும் இன்னொரு துடிப்பு எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று பார்த்தால், படலம் எத்தனை விரைவில் ஆறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இத்தனை அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது ஒரு எலெக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓடத் தேவையான ஆற்றல், சுமார் 4.8 எலெக்ட்ரான் வோல்ட், சிலிக்கனுக்கு 1.1. எனவே மிக உயர்ந்த மின்னழுத்தத்தையும் தாங்கும். ஜப்பானில் மசடகா ஹிகாஷிவாகியின் குழு 2012இல் இதில் டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. ஆனால் நல்ல திசையில்கூட இதன் கடத்துதிறன் சிலிக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான். சூடேறினால் அதுவும் குறையும். ஆகவே கருவி செய்வதற்கான படிகத் தகட்டை எந்த முகத்தில் வெட்டுவது என்பதே வெப்ப வடிவமைப்பின் முதல் முடிவாகிறது. பி அச்சுக்குக் குறுக்கே வெட்டினால் வெப்பம் நேராகக் கீழிறங்கும். அதுவும் போதாதபோது, படிகத்தை மெல்லிய படலமாக்கிச் சிலிக்கன் கார்பைடு அல்லது வைரத்தின் மேல் ஒட்டுகிறார்கள்.