பின்தங்கியவங்க இல்ல, ஓரங்கட்டப்பட்டவங்க

கோலாலம்பூர்ல எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "பின்தங்கிய இந்திய சமுதாயம்"னு நாலு தடவையாவது காதுல விழுந்துடுது. மலாய்ல "கொலொங்கான் தெர்பிங்கிர்"னு பேசுறத தமிழ்ச் செய்தியில "பின்தங்கிய பிரிவினர்"னு போடுறாங்க. சுத்தத் தப்பு.

பிங்கிர்னா ஓரம், தெர் சேர்ந்தா ஓரமாக்கப்பட்ட நிலை. இங்கிலீஷ் மார்ஜினலைஸ்டும் அதேதான், மார்ஜின்னா லத்தீன் வழியா வந்த ஓரம். ரெண்டு மொழியிலயும் இருக்குற ஓரம் தமிழுக்கு வரும்போது மட்டும் எப்படிக் காணாமப் போச்சு?

பின்தங்குறதுன்னா கூட நடந்தவன் பின்னால நின்னுபோறது. தன்வினை. யாரும் அவன ஒண்ணும் செய்யல, அவனாவே நின்னுட்டான். தாழ்ந்தவங்க இல்ல, தாழ்த்தப்பட்டவங்கன்னு போராடி மாத்துன மொழி இது, அப்படி மாத்துனவுடனே தாழ்த்துனது யாருன்னு கேக்கத் தோணுதுல்ல, பின்தங்கியன்னா அந்தக் கேள்விக்கே இடமில்ல.

ஆனா நடந்தது என்ன? 1950கள்ல வெள்ளக்காரக் கம்பெனிங்க வித்துட்டுப் போன பால்மரத் தோட்டங்கள, அதான் ரப்பர் தோட்டங்கள, வாங்குனவங்க துண்டு துண்டா வெட்டி வித்தாங்க, தோட்டத் துண்டாடல்னு நம்ம ஆளுங்க பேர் வச்சாங்க, செஞ்ச காரியம் அப்படியே தெரியுற அருமையான சொல். அதுக்கு எதிராத்தான் 1960ல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்க பத்துப் பத்து வெள்ளியா கட்டி தோட்டமே வாங்குனாங்க. இவங்களயா பின்தங்குனவங்கங்கிறது? 1969லேர்ந்து குடியுரிமை இல்லாதவங்க வேல பெர்மிட் இல்லாம வேல செய்ய முடியல, எத்தனையோ பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. அப்புறம் தோட்டங்கள வீடமைப்புக்கு வித்தப்ப லயத்துல, அதாவது தோட்டம் குடுத்த வரிசை வீடுகள்ல, இருந்தவங்களுக்கு வேலையோட வீடும் சேந்து போச்சு. பினாங்குல நம்ம ஆளுங்க மாடு வளர்த்துக்கிட்டு இருந்த கம்போங் புவா பாலாங்கிற கிராமத்த 2009ல இடிச்சாங்க. இடிச்சாங்க, வித்தாங்க, வெளியேத்துனாங்க, எல்லாமே அடுத்தவன் செஞ்ச வேல.

படிச்சவங்க சிலபேரு "விளிம்புநிலை மக்கள்"னு எழுதுறாங்க. தமிழ்நாட்டுச் சிற்றிதழ்லேர்ந்து வந்தது, ஓரம்ங்கிற அர்த்தமாவது இருக்கு, ஆனா அதுலயும் நிலைதான் இருக்கு, தள்ளுன ஆள் இல்ல. பிபிஆர்னு சொல்ற அரசாங்க மலிவு விலை பிளாட்டுல இருக்குற ஒரு அக்காகிட்ட போய் நீங்க விளிம்புநிலைன்னு சொன்னா என்ன தம்பி அதுன்னு கேப்பாங்க. "எங்கள ஓரங்கட்டிட்டாங்கப்பா"ன்னு அவங்களே பேசுற பேச்சு இருக்கும்போது எதுக்கு இந்தச் சுத்து? ஓரங்கட்டுறது கொச்சைன்னு ஒரு ஆசிரியர் சொன்னாரு. ஓரமும் தமிழ், கட்டுறதும் தமிழ், இதுல கொச்சை எங்க இருக்கு?

இப்ப பி40யையும் பின்தங்கியவங்கன்னே மொழிபெயர்க்குறாங்க. அது வருமானத்துல கீழ இருக்குற 40 விழுக்காட்டுக் குடும்பங்க, எல்லா இனமும் அதுல அடக்கம், காரணத்தப் பத்தி அந்தச் சொல் எதுவும் பேசல. அத குறைந்த வருமானப் பிரிவுன்னு எழுதுங்க. தெர்பிங்கிர் வந்தா ஓரங்கட்டப்பட்டோர்னு எழுதுங்க, தலைப்புல இடம் பத்தலன்னா எழுத்தச் சின்னதாக்குங்க.