விசைப்பலகை இங்கே, கம்பைலர் அங்கே

திருச்சி என்.ஐ.டி.யில் 2022ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினியின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள். அதில் ஓடவேண்டிய நிரலை எழுதும் ஆய்வு மாணவர் அந்தக் கணினியின் முன்னால் உட்காருவதில்லை. அவர் தட்டச்சு செய்வது தம்முடைய மடிக்கணினியில். ஆனால் நிரலைக் கம்பைல் செய்யவேண்டியது, அதாவது கணினி நேரடியாக ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றவேண்டியது, பெரிய கணினியில்தான். அதன் சிப்புக்கும் அதில் நிறுவியிருக்கும் லைப்ரரிகளுக்கும் (தயார்நிலை நிரல் தொகுப்புகள்) பொருந்தி வருவதை அங்கேயே உருவாக்குவதுதான் நம்பகமான வழி.

பலர் இதற்காக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றில் எடிட்டர், மற்றொன்றில் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தொலைகணினி. திருத்த வேண்டும், அனுப்ப வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், பிழைச் செய்தியில் வரி எண்ணைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு முதல் ஜன்னலுக்குத் திரும்பி அந்த வரியைத் தேட வேண்டும். சிந்தனைக்குச் செலவாக வேண்டிய கவனம் எண்களைச் சுமப்பதில் கரைந்துபோகிறது. இது எடிட்டர் செய்யவேண்டிய வேலை.

தொலைவிலுள்ள கோப்புறையை நம் கணினியோடு இணைத்துக்கொண்டு இங்கேயே கம்பைல் செய்தால் என்ன? சிப் வேறாக இருக்கும் சிக்கலை விட்டுவிட்டாலும் நேரம் இடிக்கும். ஒரு சி நிரல் நேரடியாகவும் மறைமுகமாகவும் 400 தலைப்புக் கோப்புகளை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் கேட்டுப் பெற 50 மில்லி விநாடி ஆனால், காத்திருப்பு மட்டுமே 20 விநாடி. அதிவேக இணைப்பு வாங்கினாலும் பெரிய பலன் இல்லை; இங்கே நேரத்தைத் தின்பது தரவின் அளவு அல்ல, போய்வரும் நடைகளின் எண்ணிக்கை. எனவே கோப்புகளை இங்கே இழுப்பதைவிட, ஒற்றை வரிக் கட்டளையைக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஈமாக்ஸ் எடிட்டரில் இதைச் செய்யும் பகுதியின் பெயர் டிராம்ப். 1998 நவம்பர் இறுதியில் தொடங்கிய பணி அது. அதன் அடிப்படை யோசனை மிக எளிது: கோப்பின் பெயருக்குள்ளேயே கணினியின் முகவரியையும் எழுதிவிடு. முதலில் ஒரு சாய்கோடு, எஸ்.எஸ்.எச். என்ற வழியின் பெயர், முக்காற்புள்ளி, பயனர் பெயரும் கணினியின் பெயரும், மீண்டும் முக்காற்புள்ளி, அதன்பின் அந்தக் கணினியில் கோப்பு இருக்கும் பாதை. கோப்பைத் திறப்பது, எழுதுவது, அழிப்பது என்று எந்த வேலையைத் தொடங்கினாலும் ஈமாக்ஸ் முதலில் பெயரைப் பார்க்கிறது. இந்த வடிவம் கண்ணில் பட்டால் வேலை டிராம்ப்பின் கைக்குப் போய்விடும். திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் தன் கோப்புறை எது என்பதை நினைவில் வைத்திருக்கிறது. கம்பைல் கட்டளை கொடுத்ததும் அந்தக் கோப்புறையின் பெயரில் தொலைகணினி இருந்தால், மாறிய கோப்புகளுக்கு மட்டும் கம்பைலரை அழைக்கும் ‘மேக்’ என்ற கருவி அங்கே ஓடுகிறது.

அந்தப் பக்கத்தில் தனியாக எந்த மென்பொருளும் நிறுவத் தேவையில்லை. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் ஒன்று இருந்தால் போதும். ஆனால் ஷெல் மனிதருடன் பேசுவதற்காக உருவானது. ஒரு கட்டளை முடிந்துவிட்டது என்று எடிட்டர் எப்படி அறியும்? மனிதர் என்றால் அடுத்த கட்டளைக்கான தூண்டுக்குறியைப் பார்த்துப் புரிந்துகொள்வார். டிராம்ப் உள்ளே நுழைந்ததும் அந்தத் தூண்டுக்குறியையே மாற்றி, வேறெங்கும் தற்செயலாகத் தோன்ற வாய்ப்பில்லாத நீண்ட எழுத்துக்கோவை ஒன்றை வைத்துவிடுகிறது. அந்தக் கோவை மறுபடி வந்தால் கட்டளை முடிந்தது என்று பொருள். வண்ணங்களும் படங்களுமாகத் தூண்டுக்குறியை அலங்கரித்து வைத்திருப்பவர்களின் கணினியில் டிராம்ப் உள்ளே நுழையும்போதே திகைத்து நிற்பது இதனால்தான்: அவர்கள் வைத்திருக்கும் முதல் குறியையே அது அடையாளம் காணவேண்டியிருக்கிறது.

சிறிய கோப்புகளும் இதே ஷெல் வழியாகவே போய்வருகின்றன. டெர்மினல் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய பைட்டுகள் அவற்றில் இருக்கலாம் என்பதால், மூன்று பைட்டுகளை நான்கு சாதாரண எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் டிராம்ப் அவற்றை மாற்றி அனுப்புகிறது. இயல்பமைப்பில் 10,240 பைட்டுகள் வரை இப்படி. கோப்பின் பெயரில் எஸ்.எஸ்.எச். என்பதற்குப் பதில் எஸ்.சி.பி. என்ற வழியை எழுதியிருந்தால், அதைவிடப் பெரியவற்றுக்குத் தனி நகல் நிரலை அழைத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது திரும்பி வரும் பாதை. கம்பைலர் ‘வெப்பம்.சி:42:7’ என்று தொடங்கும் பிழைச் செய்தியை அச்சிடுகிறது. கோப்பு, வரி, அந்த வரியில் எத்தனையாவது இடம். எடிட்டர் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்து, சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றுகிறது. பெயர் மட்டும் இருந்தால் இப்போதைய கோப்புறையோடு சேர்த்துக்கொள்ளலாம். மேக் பல கோப்புறைகளுக்குள் நுழைந்து வெளியேறும்போது அச்சிடும் அறிவிப்புகளையும் எடிட்டர் கவனித்து, எந்தக் கோப்புறையின் வெப்பம்.சி என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. செய்தியில் முழுப்பாதை இருந்தால் இன்னொரு நுணுக்கம் தேவை. கம்பைலருக்குத் தான் எங்கிருந்து அழைக்கப்படுகிறோம் என்பது தெரியாது. அது சொல்லும் பாதை அந்தக் கணினிக்கு மட்டுமே உண்மை. எடிட்டர் அதன் முன்னால் தொலைகணினியின் முகவரியை ஒட்டிய பிறகே சரியான கோப்பு திறந்து, 42ஆம் வரியில் சுட்டி நிற்கிறது.

கோப்புகளை இங்கே திருத்தி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு அனுப்புகிறவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்பதை அதன் நேர முத்திரையைக் கொண்டே முடிவுசெய்கிறது. பெரிய கணினியில் 10:00 மணிக்குக் கம்பைல் ஆனது. மடிக்கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கியிருக்கிறது. 10:02க்குத் திருத்திய கோப்பில் 9:57 என்று முத்திரை விழுகிறது. நேரத்தையும் சேர்த்து நகலெடுக்கும்படி ஆர்சிங்கிடம் சொல்லியிருந்தால் அதே முத்திரையோடு அங்கே போய்ச் சேருகிறது. ‘இது பழைய கோப்புதானே’ என்று மேக் தாண்டிப் போய்விடும். பிழையைத் திருத்திய பிறகும் அதே பிழை. ஷெல் வழியாக அங்கேயே எழுதப்படும் கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்கு நேரம் குறிப்பது அந்தக் கணினியின் கடிகாரம்.

2019இல் விஷுவல் ஸ்டூடியோ கோட் வேறு வழியைக் கொண்டுவந்தது: எடிட்டரின் பாதியையே தொலைகணினியில் நிறுவி, திரையை மட்டும் இங்கே வைத்துக்கொள்வது. கோப்பைத் தேடுவதும் நிரலை அலசுவதும் அங்கேயே நடப்பதால், இணைப்பு மந்தமாக இருந்தாலும் பெரிய திட்டங்களில் அது சுறுசுறுப்பாக இருக்கிறது. அத்தகைய திட்டங்களில் டிராம்ப் திணறும். பலர் பகிர்ந்துகொள்ளும் உள்நுழைவுக் கணினியில் நிலைமை வேறு. ஒவ்வொருவரும் எடிட்டரின் அந்தப் பாதியை ஒரு சர்வராக ஓடவிட்டால் எல்லோருடைய நினைவகமும் சுருங்கும். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு ஷெல்லோடு நிறுத்திக்கொள்ளும் பழைய வழியையே நான் பரிந்துரைப்பேன்.