மாநில விழா ஸ்டாம்பை உறையிலிருந்து பிரிக்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய தபால்தலைத் தொகுப்புகளைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் வேலை. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஆல்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டுவது, ஏதாவது ஒரு மாநிலம் உதயமான நாளுக்கோ அதன் ஆண்டு விழாவுக்கோ வெளியான ஸ்டாம்பின் முழு ஷீட்டைத்தான். "கை படாம வெச்சிருக்கோம், நல்ல விலைக்குப் போகும்ல?" போகாது. அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா 49வது மாநிலமானது. அன்றே 7 சென்ட் விமான அஞ்சல் ஸ்டாம்ப் ஒன்று வந்தது, அடர்நீலத்தில் அலாஸ்கா வரைபடமும் சப்தரிஷி மண்டலமும். அழகான ஸ்டாம்ப், ஆனால் அச்சடித்தது சுமார் 9 கோடி. ஊரே பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படி விலை ஏறும்? 50 ஸ்டாம்ப் கொண்ட ஷீட்டின் முகமதிப்பு மூன்றரை டாலர், வியாபாரிகள் பெரும்பாலும் அதற்கும் குறைத்துத்தான் கேட்பார்கள். கடிதத்தில் ஒட்டி அனுப்பலாமே என்றால், அனுப்பலாம், இன்றைக்கும் செல்லும். ஆனால் 2025 ஜூலையில் சாதாரணக் கடிதக் கட்டணமே 78 சென்ட் ஆகிவிட்டது, அந்தக் கட்டணத்துக்கே பதினொன்று ஒட்டினாலும் ஒரு சென்ட் குறையும்.

நான் நின்று பார்ப்பது வேறு இடத்தில். அதே ஸ்டாம்ப் ஒட்டி யாரோ யாருக்கோ உண்மையாகவே அனுப்பிய கடிதம்: சின்ன ஊர் முத்திரை, வெளிநாட்டு முகவரி, கூடுதல் கட்டணத்துக்கு ஒட்டிய இன்னொரு ஸ்டாம்ப், உள்ளே கடிதமும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்டாம்ப் வெளியான நாளின் முத்திரை குத்திய முதல்நாள் உறைகள்கூட ஏராளமாகக் கிடைக்கின்றன, இப்படிப்பட்டவைதான் அரிது. ஆனால் என்னிடம் வந்து சேரும்போது பல சமயம் அதில் ஸ்டாம்ப் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஒரு அம்மா கொண்டுவந்த டப்பாவில் எல்லாமே கத்தரியால் ஓரத்தை ஒட்டி நறுக்கியவை. ஒன்றில் வருஷம் தெரிகிறது, ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் இருக்கிறது. உறைகள் எங்கே என்று கேட்டேன், இடத்தை அடைக்கிறதே என்று குப்பையில் போட்டுவிட்டார்களாம். எந்த ஊர், யாருக்கு, எவ்வளவு தூரம், எல்லாம் அந்தக் குப்பையோடு போய்விட்டது.

புது ஸ்டாம்புகளில் ஆபத்து இன்னும் அதிகம். 2009இல் அலாஸ்காவின் பொன்விழாவுக்கு நாய்வண்டிப் படத்தோடு 42 சென்டிலும், ஹவாய்க்கு அலைச்சறுக்குப் படத்தோடு 44 சென்டிலும் வந்தவை தானே ஒட்டிக்கொள்ளும் வகை. இப்போதைய பசை தண்ணீரில் கரைவதில்லை. பழைய பழக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் பின்பக்கம் கிழியும், இல்லையென்றால் பிசுபிசுப்பு அப்படியே நின்று ஆல்பத்தின் அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சரி, முழு உறையை வைக்க இடமே இல்லை என்றால் ஸ்டாம்பும் முத்திரையும் முழுதாக அடங்கும்படி சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டுங்கள். செலோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திருப்பிச் சரிசெய்ய என்னால் முடியாது.

அப்புறம் இன்னொன்று. 2018இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் 200வது ஆண்டுக்கு வந்தது 'ஃபாரெவர்' ஸ்டாம்ப். அன்று 50 சென்டுக்கு வாங்கியது, கட்டணம் எவ்வளவு ஏறினாலும் ஒரு சாதாரணக் கடிதத்துக்குச் செல்லும். அதனாலேயே ஃபாரெவர் ஸ்டாம்புகளில் போலி நிறைய. இணையத்தில் பாதி விலைக்கு ரோல் ரோலாக விற்றால் வாங்காதீர்கள், போலி ஒட்டிய கடிதம் போய்ச் சேராமலே போகலாம்.

நினைவாக ஏதாவது வைத்துக்கொள்ள ஆசையா? தபால் நிலையத்தில் ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்கி, உங்கள் பாட்டிக்கோ நண்பருக்கோ நாலு வரி எழுதி அனுப்புங்கள். உறையைத் தூக்கிப்போட வேண்டாம் என்று உள்ளேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.