புது யன்னல் வைக்க முதல் பொயிலர் குழாயைப் பாருங்கள்

லண்டனில் வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் பூட்டி, சேர்விஸ் செய்கிற எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிற ஆபத்து பொயிலருக்குள் இருப்பதில்லை. பூட்டிய அன்று புகைக்குழாய் சரியான இடத்தில்தான் இருந்திருக்கும். பிறகுதான் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் எழும்பும், வெறும் சுவரில் யன்னல் வரும். பில்டர் குழாயை அளந்து பார்ப்பதில்லை.

இங்கிலாந்துக் கட்டட விதிகளின்படி, விசிறியுள்ள மூடிய வகைப் (எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்கிற) பொயிலரின் குழாய்முனை, திறக்கிற யன்னலுக்கு மேலோ கீழோ பக்கத்திலோ 300 மில்லிமீற்றருக்குள் இருக்கக்கூடாது. பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம் அது. கதவுக்கும் சுவர்க் காற்றுத்துளைக்கும் இதே கணக்குத்தான். விசிறியில்லாத பழைய பொயிலர் என்றால், யன்னலுக்குக் கீழே விடவேண்டிய தூரம் அதன் வலுவைப் பொறுத்து 2 மீற்றர் வரை போகும். தயாரிப்பாளர் கையேடு இன்னும் கூடக் கேட்டால் அதைத்தான் கொடுக்கவேண்டும்.

ஒரு வீட்டில் புதுக் குசினி யன்னலின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. குளிர்காலக் காலையில் வெள்ளைப் புகை நேரே உள்ளே போய், சட்டமெல்லாம் நீர் கோத்து நின்றது. “நீராவிதானே தம்பி” என்றார் வீட்டுக்கார அம்மா. கண்ணுக்குத் தெரிவது நீராவிதான் அம்மா. பொயிலர் சரியாக எரியாத நாளில் அதோடு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று வந்தால் காய்ச்சல் குணம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறோம். வெளியே போனால் சுகமாகி, வீட்டுக்கு வர மறுபடி தொடங்கினால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

யன்னல் கைபிடியைக் கழற்றி வைப்பது தீர்வல்ல. நாளை வாடகைக்கு வருபவர் திறப்பார். திறக்காத கண்ணாடி போடுங்கள், இல்லையென்றால் குழாயை மாற்றுங்கள். புகையைத் திருப்பும் நீட்டுக்குழாயை அதே பொயிலருக்கென்று தயாரிப்பாளர் விற்றால் மட்டும் பூட்டலாம். அதன் முனைக்கும் இதே தூரம் வேண்டும்.

இதைவிட மோசமானது, உடுப்புக் காயப்போட என்று வெளிச்சத் தகடு போட்டுப் பத்தி இறக்கி, குழாய்முனையை அதற்குள் அடைத்துவிடுவது. நம்மவர் வீடுகளில் இதை நிறையக் காண்கிறேன். அப்படியிருந்தால் இன்றைக்கே பொயிலரை நிற்பாட்டி, காஸ் வேலை செய்ய காஸ் சேஃப் (Gas Safe) பதிவுள்ளவரைக் கூப்பிடுங்கள்.

பொயிலர் இருக்கிற அறையில் காபனோரொட்சைட்டு அலாம் வையுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 2022 ஒக்டோபரிலிருந்து இது சட்டம். அலாம் அடித்தால் பொயிலரை நிற்பாட்டி, யன்னல் கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து காஸ் அவசர இலக்கமான 0800 111 999 இற்கு அடியுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.