மடக்குக் கத்தியின் பூட்டு எப்படிப் பிடிக்கிறது?

மட்டக்களப்பில் பல வீடுகளில் ஒரு சிவப்புப் பிடிக் கத்தி இருக்கும். சுவிஸில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ லீவில் வந்தபோது கொடுத்தது. அந்தக் கத்தியில் தொடங்கிய ஆர்வம் வளர்ந்து, வெளிநாட்டுக் கம்பனிகள் அடுத்து விடப்போகும் கத்திகளின் முன்மாதிரிகளைத் தேடிப் பார்க்கும் இளைஞர்கள் இப்போது கல்லடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். ஒரு முன்மாதிரியின் படம் வந்தால் போதும், பெருப்பித்துப் பார்த்துக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். "பூட்டுப் பிந்திப் பிடிக்குது", "டிடென்ட் காணாது", "அலகு ஆடும் போல இருக்கு", "என்ன உருக்குப் போட்டிருக்கிறாங்க?" வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒவ்வொரு குறைக்குப் பின்னாலும் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய பௌதிகவியல் இருக்கிறது.

மடக்குக் கத்தியிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். அலகு இலகுவாகச் சுழல வேண்டும். விரித்த பிறகு ஒரே துண்டு இரும்பு போல அசையாமல் நிற்க வேண்டும். 1897இல் கார்ல் எல்சனர் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிகளின் கத்தியில், அந்தச் சிவப்புக் கத்தியின் மூதாதையில், இதற்கு முதுகுப்பக்க வில் (ஸ்பிரிங்) மட்டுமே இருந்தது. அலகின் அடிப்பாகத்தை அந்த வில் அழுத்திப் பிடிக்கும். போதிய பலம் கொடுத்தால் வில் விட்டுக்கொடுக்கும், அலகு மடங்கும். கடிதம் பிரிக்கவும் மாங்காய் வெட்டவும் அது தாராளம். தோணியில் நின்று, சிக்கிய தங்கூசி வலையை ஈரக் கையால் இழுத்து அறுக்கும்போதுதான் விரல் ஆபத்தில் இருக்கிறது.

அதனால்தான் பூட்டு. பிரான்சின் ஒபினெல் கத்தியில் 1955இல் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் வந்தது. அதைத் திருப்பினால் அலகு திரும்பி வர வழியில்லை. 1964இல் அமெரிக்காவில் வந்த பக் 110 கத்தியில் முதுகுப்பக்கம் ஒரு நெம்புத்தண்டு அலகின் வெட்டுக்குள் விழுந்து பிடித்தது. இரண்டும் இன்றைக்கும் விற்பனையாகின்றன.

ஆனால் ஆர்வலர்கள் அதிகம் சண்டை பிடிப்பது லைனர் பூட்டைப் பற்றி. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிடியின் உட்பக்கம் இருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு பகுதியை நீளவாட்டில் வெட்டி, உள்நோக்கி வளைத்து விடுகிறார்கள். அலகு முழுதாக விரிந்ததும் அந்தத் தகடு வில் போல உள்ளே பாய்ந்து, அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க அடியில் செருகும் ஆப்புக் கட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அலகின் அடிப்பாகம் தகட்டைச் சந்திக்கும் முகம் நேராக இருக்காது. ஏறத்தாழ 8 பாகை சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அலகின் முதுகில் பலம் விழும்போது இந்தச் சரிவு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். உராய்வு அதைத் தடுக்கும். 8 பாகையின் தான்சன் 0.14. உராய்வுக் குணகம் இதற்கு மேலே இருக்கும்வரை, எவ்வளவு அழுத்தினாலும் தகடு வழுக்காது. எண்ணெய் படாத உருக்கு உருக்கில் உரசும்போது அது மேலேதான் இருக்கும். சரிவைக் கூட்டினால் பூட்டு வழுக்கும். குறைத்தால் இறுகி ஒட்டிக்கொள்ளும், பெருவிரலால் தள்ளித் திறக்கப் போராட வேண்டிவரும். ஓரிரு பாகைக்குள் முடிகிற விஷயம் இது. முன்மாதிரியை ஆயிரம் தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்று இவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

"பிந்திப் பிடிக்குது" என்பதையும் இதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பாவிக்கப் பாவிக்க இரண்டு முகங்களும் தேயும், தகடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். புதுக் கத்தியிலேயே அது மற்றக் கரை வரை போய்விட்டால் தேய்வதற்கு இடமே மிச்சமில்லை.

அலகு ஆடுவது நெம்புகோல் கணக்கு. பூட்டுப் பிடிக்கும் இடம் அச்சாணியிலிருந்து 8 மில்லிமீற்றர், அலகின் நுனி 8 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். விகிதம் பத்து. நுனியில் 5 கிலோ பாரம் விழுந்தால் பூட்டு 50 கிலோவைத் தாங்குகிறது. பூட்டில் 0.1 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் நுனி 1 மில்லிமீற்றர் ஆடும். கண்ணுக்குத் தெரியாத பிழையைக் கை உடனே கண்டுபிடிப்பது இதனால்தான்.

டிடென்ட் என்பது அதே தகட்டில் பதித்த ஒரு சின்னஞ்சிறு குண்டு, குறுக்களவு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில். கத்தி மடங்கியிருக்கும்போது அது அலகில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து, அலகு சட்டைப்பையில் தானாக விரியாமல் பார்த்துக்கொள்ளும். பிடிப்பு மெலிந்தால் ஆபத்து. கூடினால் விரலால் தள்ளும் பலம் எல்லாம் சேர்ந்து திடீரென்று விடுபட்டு அலகு பாயும். அந்தப் பாய்ச்சலை விரும்புகிறவர்களும் உண்டு.

1998இல் பெஞ்ச்மேட் என்ற அமெரிக்கக் கம்பனி கொண்டுவந்த ஆக்ஸிஸ் பூட்டில் தகடு இல்லை. பிடியின் குறுக்கே ஓடும் உருக்குத் தண்டை இரண்டு கம்பி வில்கள் தள்ளிப் பிடிக்கின்றன. விரல் அலகின் பாதைக்குள் வராமலே மூடலாம், இடக்கைக்காரருக்கும் சரிவரும். எனக்குப் பிடித்த பூட்டு இதுதான். வில் மெல்லியது, உடையலாம் என்ற முறைப்பாடும் உண்மைதான். இரண்டு இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

இனி உருக்கு. எங்கள் வாவி உவர்நீர், காற்றிலும் உப்பு. துருப்பிடிக்காத உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம். தடிப்பு ஒரு சில நானோமீற்றர்தான். உப்பில் உள்ள குளோரைட்டு அதை அங்கங்கே துளைக்கும். உருக்கை வலிமையாக்கச் சேர்க்கும் காபனும் குரோமியத்தை இழுத்துக் காபைட்டாக்கி விடுவதால், படலத்துக்கு மிஞ்சும் குரோமியம் குறைகிறது. கூர் நிற்க வேண்டுமா, கறள் பிடிக்காமல் இருக்க வேண்டுமா என்ற இழுபறி இங்கிருந்து வருவது. உலோகவியலாளர் லாரின் தோமஸ் வடிவமைத்து 2021இல் வந்த மேக்னாகட் உருக்கில் குரோமியம் 10.7 சதவீதம்தான். காபனை வனேடியமும் நையோபியமும் பிடித்துக்கொள்வதால் குரோமியம் கிட்டத்தட்ட முழுவதும் காவலுக்கு மிஞ்சுகிறது. காபனை மிகவும் குறைத்த எச்1 போன்ற உருக்குகள் கறளை இன்னும் நன்றாகத் தாங்கும், கூர் மட்டும் கெதியாகப் போகும். முன்மாதிரி ஒன்றில் இந்தப் பெயர்கள் தென்பட்டால் எழும் ஆரவாரம் காரணமில்லாதது அல்ல.

அலகைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. கறள் முதலில் தொடங்குவது அச்சாணியைச் சுற்றி, வாஷருக்கும் அலகுக்கும் நடுவே. அந்த இடுக்கில் தேங்கும் உப்புநீருக்கு ஒட்சிசன் போய்ச் சேராது, படலம் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. பாலமீன்மடுவில் இறால் பிடிக்கிற ஒருவருக்குக் கத்தி வாங்குவதாக இருந்தால், பிடியைக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கழுவுவது நல்ல தண்ணீரில். நன்றாகக் காய்ந்த பிறகு அச்சாணிக்கு ஒரு துளி எண்ணெய் விடலாம். லைனர் பூட்டின் முகத்தில் அது படக் கூடாது.