சும்மா இருக்கும் நெல்

நெல் வெள்ளத்தைத் தாங்குமா என்று சோதிக்க, ஆளின் இடுப்புக்கு மேல் ஆழமுள்ள சிமென்ட் தொட்டி. அடியில் தட்டுகளில் 14 நாள் நாற்று, ரகம் ரகமாக வரிசையில். தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி நிரப்பிவிட்டு இரண்டு வாரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு வடித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சில வரிசைகளில் நாற்று கிடுகிடுவென்று வளர்ந்திருக்கும். ஆனால் நிற்கத் தெம்பில்லாமல், வெளிறிப்போய், சேற்றில் துவண்டு விழும். பக்கத்து வரிசையோ உள்ளே வைத்தபோது இருந்த உயரத்திலேயே கிட்டத்தட்ட நிற்கும். இன்னும் பத்து நாள் பொறுத்தால், வளர்ந்தது அழுகியிருக்கும். வளராதது புது இலை விட்டிருக்கும்.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, அது ஏன் மூழ்கிச் சாக வேண்டும்? கால் நனைவது வேறு, தலை முங்குவது வேறு. சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு வேண்டிய ஆக்சிஜன், இலையிலிருந்து தண்டின் காற்றறைகள் வழியாகத்தான் இறங்கி வருகிறது. தலையும் முங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும். கலங்கல் வெள்ளம் என்றால் வெளிச்சமும் இல்லை, உணவு தயாரிப்பும் நின்றுபோகும்.

தான் முங்கிவிட்டது செடிக்கு எப்படித் தெரிகிறது? எத்திலீன் மூலம். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அங்கே வேலை பார்க்கும் வாயு இதுதான். எல்லாச் செடியும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். காற்றில் அது கலைந்துவிடும். தண்ணீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. அதனால் எத்திலீன் வெளியேற வழியில்லாமல் திசுக்களுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அது சேரச் சேர ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் முடுக்கிவிடப்படுகிறது. எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிட வேண்டும் என்று இலையும் தண்டும் நீள்கின்றன.

தண்ணீர் மெல்ல ஏறி மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் இது அருமையான உத்தி. வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் இப்படித்தான் வெள்ளத்தோடு போட்டி போட்டு வளர்கிறது. ஆனால் ஒரே ராத்திரியில் வயலை முழுங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்துவிடும் வெள்ளத்தில் இதே உத்திதான் எமன். கையிருப்புச் சர்க்கரையை எல்லாம் நீள்வதற்கே செலவழித்துவிட்ட செடிக்கு, தண்ணீர் வடிந்த அன்று கையில் ஒன்றும் இருக்காது.

ஒடிசாவின் ஒரு நாட்டு நெல் இந்த இடத்தில் நேர்மாறாக நடந்துகொண்டது. முங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தது. அதிலிருந்து 1950 வாக்கில் தேர்ந்தெடுத்த ரகம் எஃப்.ஆர். 13ஏ. ‘எஃப்.ஆர்.’ என்றால் வெள்ளம் தாங்கும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; பெயரில் அலங்காரம் கிடையாது. அதை மற்ற ரகங்களோடு கலந்து பார்த்த முயற்சிகள் நிறைய. வெள்ளம் தாங்கும் கலப்பு நெல்கள் கிடைக்கவும் செய்தன. அவற்றை யாரும் விரும்பிப் பயிரிடவில்லை என்பதுதான் விஷயம்.

விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கிழக்கு இந்தியாவில் பல லட்சம் ஹெக்டேரில் கோலோச்சியது ஸ்வர்ணா. கோதாவரி டெல்டாவின் மார்ட்டேரு ஆராய்ச்சி நிலையம் 1982-இல் வெளியிட்ட எம்.டி.யு. 7029-தான் அது. எத்தனை நாளில் அறுவடை, சோறு எப்படி இருக்கும், மில்காரர் என்ன விலை கொடுப்பார், வைக்கோலை மாடு தின்னுமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எப்போதோ வரும் வெள்ளத்துக்காக, எல்லா வருஷமும் வேறு ஒரு நெல்லோடு மல்லுக்கட்ட யார் துணிவார்கள்? ஆகவே கேள்வியே மாறியது. புது நெல் வேண்டாம், அதே ஸ்வர்ணாவுக்கு வெள்ளம் வந்தால் சும்மா இருக்க மட்டும் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும் என்ற நம்பிக்கை 1996-இல் வந்தது. டேவிட் மேக்கில், கெனாங் ஷூ என்ற நெல் ஆராய்ச்சியாளர்கள், எஃப்.ஆர். 13ஏ-யின் தாங்குதிறனில் பெரும்பங்கு 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அந்த இடத்துக்கு சப்-1 என்று பெயர். இன்னொரு ஆராய்ச்சியாளரான பமேலா ரொனால்டும் சேர்ந்த குழு 2006-இல் மரபணுவையே பிடித்தது: சப்-1ஏ. எத்திலீன் சேர்ந்ததும் இது விழித்துக்கொண்டு, ஜிப்ரெலின் பேச்சைச் செடி கேட்காதபடி செய்கிறது. நீள்வது நிற்கிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, இலைப் பச்சை சிதைவதும் மட்டுப்படுகிறது.

இதை ஸ்வர்ணாவுக்குள் கொண்டுவருவது பின்கலப்பு என்ற பழைய கைவேலை. வெள்ளம் தாங்கும் நெல்லோடு ஸ்வர்ணாவைக் கலந்தால் பிள்ளை பாதிக்குப் பாதி. அதை மறுபடி ஸ்வர்ணாவோடு கலந்தால் சராசரியாக 75 சதவீதம் ஸ்வர்ணா, அடுத்த முறை 87.5, அதற்கடுத்து கிட்டத்தட்ட 94. ஒவ்வொரு முறையும் சப்-1 கைநழுவாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பானால் செடியை முக்கித்தான் பார்க்கணும். பிழைத்ததை வைத்துத்தான் அடுத்த கலப்பு. இப்போது நாற்றின் இலையில் நகமளவு கிள்ளி எடுத்து டி.என்.ஏ.வைப் பார்த்தால் போதும். முதலில் சப்-1 உள்ள நாற்றைப் பொறுக்குவார்கள். அதில், சப்-1-க்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத துண்டு அறுந்துபோனவற்றைப் பொறுக்குவார்கள். மிச்சத்தில் எதன் மற்ற குரோமோசோம்கள் ஸ்வர்ணாவுக்கு மிக நெருக்கம் என்று பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கான நாற்றில் தேறுவது ஒன்றோ இரண்டோ. மரபணுவை வெளியே எடுத்துப் புகுத்தும் வேலை இதில் இல்லை. மகரந்தம் தடவிய கலப்புதான்.

அப்படியும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஸ்வர்ணாவின் உமி பொன்னிறம், பெயரே அதனால்தான் பொருந்துகிறது. உமி நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணு சப்-1-க்குப் பக்கத்து வீடு. அதுவும் கூடவே வந்ததால் ஸ்வர்ணா சப்-1-இன் உமி வெறும் வைக்கோல் நிறம். பொன் என்று பெயர் வைத்த நெல்லுக்குப் பொன்னிறம் போனது கொஞ்சம் சிரிப்புதான். ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்தாலே எது எது என்று பிரித்துவிடலாம் என்பது அதில் கிடைத்த லாபம்.

இந்தியாவில் 2009-இல் இது வெளியானது. ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களில் நடந்த ஆய்வில், பத்து நாள் முங்கிய வயலில் ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். வெள்ளம் வராத வருஷத்தில் நஷ்டமும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. தண்ணீர் தேங்கும் பள்ள நிலங்கள் தாழ்த்தப்பட்ட சாதியினரிடம் கூடுதலாக இருந்தன. அதனால் பலனும் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும். நம் காவிரி டெல்டாவுக்கும் இந்த மரபணு வந்துவிட்டது: பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009-இல் சேர்த்து, சி.ஆர். 1009 சப்-1 ஆக, ஐப்பசி கார்த்திகை மழையில் முங்கும் சம்பா வயலுக்கு.

எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்தல்ல. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் நின்றால், அங்கே கொஞ்சம் நீண்டு எழத்தான் வேண்டும். சும்மா இருப்பது உதவாது. நேரடி விதைப்பில் சிக்கல் வேறு. விதைத்த மறுநாளே மழை கொட்டினால் விதை முளைக்காமலே அழுகும். இதற்கும் ஒரு நாட்டு நெல் கைகொடுத்தது: மியான்மரின் காவ் லான் ஆன். அதிலுள்ள ஒரு மரபணு, விதைக்குச் சர்க்கரை பற்றாக்குறை என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. விதையும் தன் மாவுச்சத்தை விடாமல் கரைத்து முளையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. விதையாக இருக்கும்போது அவசரப்பட வேண்டும், நாற்றானதும் அடங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டு குணமும் வெவ்வேறு பருவத்தில் வேலை செய்வதால், ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே நெல்லில் சேர்த்துவிட்டார்கள். தொட்டியில் இப்போது அந்த நெல்லுக்கு இரண்டு முறை தண்ணீர் நிரப்புகிறார்கள்.