மெனு: பட்டியலா, தெரிவுப்பட்டியா?

கணினியில் வரும் 'மெனு'வைத் தமிழில் என்ன சொல்வது? அந்தச் சொல் சாப்பாட்டு மேசையிலிருந்து கணினிக்கு வந்தது. பிரெஞ்சில் அது ஒரு பெயரடை. சிறிய, நுணுக்கமான என்று பொருள். லத்தீனின் 'மினூட்டுஸ்' அதற்கு வேர். மணிக்கணக்கில் வரும் 'மினிட்'டும் அதே வேரில் பிறந்ததுதான். எதையாவது விலாவாரியாகச் சொன்னால் 'பார் ல மெனு' என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். விருந்தில் என்னென்ன வரும் என்று விலாவாரியாக எழுதிய தாளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது.

திரையின் மேலிருந்து இழுத்து விரிக்கும் மெனுவை ஆப்பிளின் லிசா கணினிக்காக உருவாக்கியவர் பில் அட்கின்சன். லிசா 1983இல் வந்தது. 1984இல் வந்த ஆப்பிளின் மெகின்டாஷ் கணினி அதைப் பரவலாக்கியது. அந்த மெனுவில் ஓட்டல் அட்டையில் இல்லாத ஒன்று இருந்தது: இந்த நொடியில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதையும் அது காட்டியது. எதையும் தேர்ந்தெடுக்காதபோது 'வெட்டு' என்ற கட்டளை மங்கிக் கிடக்கும்.

பழைய மெகின்டாஷை ஒரு ஏஐ முகவர், அதாவது மனிதருக்குப் பதில் கணினியைத் தானே இயக்கும் மென்பொருள், இயக்க வேண்டும் என்றால் இந்த மங்கல்தான் பெரிய சிக்கல். திரை 512×342 புள்ளிகள், கறுப்பும் வெள்ளையும் மட்டும். சாம்பல் நிறமே கிடையாது. மங்கலாகக் காட்ட, எழுத்தின் புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று அழித்துவிடுவார்கள். திரையின் படத்தைப் பார்த்துப் படிக்கும் முகவர் அந்தச் சிதைந்த எழுத்தைத் தவறாகப் படிக்கலாம். சரியாகப் படித்துவிட்டு அது முடங்கியிருப்பதைக் கவனிக்காமல் போகலாம். இன்றைய இயங்குதளங்கள் மெனுவின் பெயரையும் நிலையையும் திரைவாசிப்பான்களுக்கு, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்களுக்கு, தாமே சொல்லிவிடும். அன்று அந்த வசதி இல்லை. பார்வையற்றோருக்காக 1989இல் மெகின்டாஷுக்கு வந்த 'அவுட்ஸ்போக்கன்' என்ற திரைவாசிப்பான் இதே சுவரில்தான் முதலில் வழி திறந்தது. அந்த உழைப்பை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நல்ல கருவி என்ன செய்யும்? படத்தை விட்டுவிட்டு நினைவகத்தைப் படிக்கும். பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் மெகின்டாஷை ஓட்டினால் அதன் நினைவகம் முழுவதும் நம் கைக்குள் இருக்கும். 2588ஆம் முகவரியில் 'மெனுலிஸ்ட்' என்ற சுட்டி (இன்னொரு இடத்தின் முகவரியை வைத்திருக்கும் எண்) இருக்கிறது. அது இன்னொரு சுட்டியைக் காட்டும். அதைப் பிடித்துப் போனால் இப்போது மேலே நிற்கும் மெனுக்கள் ஒவ்வொன்றும் கிடைக்கும். பழைய 24 பிட் முகவரி முறையில் இடைச்சுட்டியின் முதல் பைட்டில் வேறு குறிப்புகள் ஒளிந்திருக்கும். அதை மறைத்துவிட்டுத்தான் முகவரியைப் படிக்க வேண்டும். இதை மறந்தால் குப்பைதான் வரும்.

மெனுவுக்குள் ஒவ்வொரு கட்டளையும் இப்படி இருக்கும்: முதல் பைட் பெயரின் நீளம், அப்புறம் பெயர், பின்னால் நான்கு பைட்டுகள். அவை படக்குறி எண், விசைப்பலகைக் குறுக்குவழி எழுத்து, டிக் போன்ற அடையாளம், எழுத்து நடை. நீளம் 0 என்று வந்தால் மெனு முடிந்தது. பெயர்களுக்கு முன்னால் 32 பிட்டுகள் கொண்ட ஒரு எண் நிற்கும். ஒரு பிட் மெனு முழுமைக்கும், மீதி 31 முதல் 31 கட்டளைகளுக்கும். பிட் 1 என்றால் அந்தக் கட்டளை உயிரோடு இருக்கிறது. 0 என்றால் முடங்கியிருக்கிறது. முகவர் ஊகிக்க வேண்டியதே இல்லை.

1980களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64இல் கதை வேறு. 1024ஆம் முகவரியிலிருந்து 40×25 என 1000 எழுத்துகள் திரையில் இருப்பதை அப்படியே படிக்கலாம். ஆனால் எந்த வரி மெனு, எது வெறும் எழுத்து என்று இயந்திரத்துக்கே தெரியாது. நிரலை எழுதியவரின் பழக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உணவுப் பட்டியல்' ஓட்டலுக்குப் போதும். கணினியில் 'பட்டியல்' என்பதை லிஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டோம். நிலை எதுவும் தெரியாமல் பெயர்களை மட்டும் அடுக்கினால் அது பட்டியல். 'நிரல்' புரோகிராமுக்குப் போய்விட்டது. தமிழாக்க மென்பொருள்களில் புழங்குவது 'பட்டி'. குறுகிய சொல், கூட்டுச்சொல் ஆக்க எளிது. ஆனால் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி, பட்டிதொட்டி, உசிலம்பட்டி என்றுதான் மனம் முதலில் ஓடும். இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்கும் 'தெரிவு' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் குழப்பம் தீரும். தேர்ந்தெடுக்கலாம் என்ற பொருளும் உள்ளே வந்துவிடும். முதல் இடத்தில் 'தெரிவுப்பட்டி' என்று எழுதிவிட்டு அப்புறம் 'பட்டி' என்று சுருக்கலாம். அதிலிருந்து துணைப்பட்டி, பட்டிக் கட்டளை, முடங்கிய கட்டளை எல்லாம் வரும். மங்கிக் கிடப்பதைச் 'செயலற்றது' என்று சிலர் எழுதுகிறார்கள். நான் 'முடங்கியது' என்பேன், ஏனென்றால் கோப்பில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் அதே 'வெட்டு' எழுந்துவிடும்.